இளவரசி காவின கதவு

2001 பங்குனி, வியாழன். வவுனியா.

இண்டைக்குக் கொம்பியூட்டர் வகுப்பு முடிய, ரீச்சர் எங்களைக் கொம்பியூட்டரிலேயே ஒரு விளையாட்டு விளையாட விட்டா. அரியணை இழந்த இளவரசி ஒருத்தி. அரண்மனை எரியுது, பேய்கள் துரத்துது. வேண்டியதை எடுத்துக்கொண்டு இருட்டுக் காட்டுக்குள்ள ஓட வேணும். மற்றப் பிள்ளைகள் வாளும் மருந்தும் எடுத்தினம். நான் அரண்மனை வாசல் கதவைக் கழற்றி அவளின்ர தோளில ஏத்தினன். அந்தப் பாரத்தோட அவளுக்கு ஓட ஏலாமல் போச்சு. பேய் பிடிச்சிட்டுது.

"ஆர், பிள்ளை, கதவைக் காவிக்கொண்டு ஓடுறது?" எண்டு ரீச்சர் கேட்க, எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன்.

கிளிநொச்சியை விட்டு இடம்பெயரேக்க அப்பா முதல் கழற்றினது எங்கட வீட்டு முதிரை மரக் கதவைத்தான். தருமபுரத்தில தென்னோலைக் கிடுகால அடைச்ச கொட்டிலுக்கு அதைத்தான் வாசலில நிறுத்தினார். கிடுகுக்குள்ளால நாய் வந்துபோகும். எண்டாலும் அப்பா ஒவ்வொரு இரவும் தாழ்ப்பாள் போடுவார். அக்கா கிடுகை விலக்கி உள்ள போய், எங்களுக்குக் கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" எண்டுவா. விழுந்து விழுந்து சிரிப்பம். வவுனியாவுக்கு வரேக்க கதவு அங்கேயே நிண்டிட்டுது.

ரெண்டாம் தரம் விளையாடேக்க நான் கதவைத் தொடேல்லை. இளவரசி தப்பிட்டாள். எல்லாரும் கை தட்டினவை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

சாப்பிடேக்க அப்பாட்டை, இளவரசி கதவைக் காவின கதையைச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை. சோத்தைப் பிசைஞ்சபடி, "என்ன மரம்?" எண்டு மட்டும் கேட்டார்.

முதிரை எண்டன். ரெண்டாம் தரம் இளவரசி அதை விட்டிட்டு ஓடித் தப்பினதைச் சொல்லேல்லை.