வாசித்ததாகக் கொள்ளப்பட்ட கட்டுரை

என் ஆசை அக்கா செல்லம்மாவுக்கு,

போன வாரம் நம் சங்கத்துக்கு வெள்ளிவிழா நடந்தது. உனக்கு யார் வந்து சொல்லியிருக்கப் போகிறார்கள், அதனால் நானே எழுதுகிறேன். விலங்கியல் வாத்தியார்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் கட்டுரை வாசித்துக் கலைகிறோம் என்பதற்காக, அடையாறில் அந்தக் கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டி, நாகஸ்வரம் வைத்து, கல்யாணம் மாதிரி செய்துவிட்டார்கள். மாப்பிள்ளை இல்லாத குறையை நம் செயலாளர் சரிகை வேட்டியில் வந்து தீர்த்து வைத்தார்.

கட்டுரைக்கு ஆளுக்கு எட்டு நிமிஷம். பொன்னாடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். பழைய தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் போர்த்தினார்கள். வராதவர்களுக்காக வந்தவர்கள் இன்னொன்று வாங்கிக்கொண்டார்கள். சாயந்தரம் ஒரு பேராசிரியரின் பெண் பரதநாட்டியம் ஆடினாள். வடக்கேயிருந்து தவளையைப் பற்றிப் பேச வந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகக் குறட்டை விட்டார்.

விழா மலர் ஒன்றும் போட்டார்கள். பளபள அட்டை, உள்ளே பாதி விளம்பரம். மறைந்த உறுப்பினர்கள் பக்கத்தில் உன் படம் இருக்கிறது, நல்ல படம்தான். அதற்குக் கீழே இரண்டு வரி: "மகளிர் உபசரணைக் குழுவில் சிரித்த முகத்துடன் சேவை புரிந்தவர்."

அவ்வளவுதான் அக்கா. நாலு வருஷம் விடியற்காலையில் எழுந்து, முதல் பஸ் பிடித்து, அடையாறு கடலில் சேருமிடத்தில் முழங்கால் சேற்றில் நின்று நண்டு எண்ணியவளைப் பற்றி எழுத அவர்களுக்குக் கிடைத்தது உன் சிரிப்பு. உனக்குக் கோபம் வந்தால் முகம் எப்படி ஆகும் என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா?

ஒரு நாள் நானும் உன்னோடு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? குப்பத்தில் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போன அம்மாள் நின்று உன்னைப் பார்த்து, "இன்னா டீச்சரு, இன்னிக்கும் நண்டு எண்ணிக்கினு கீறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாய். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் எந்த நண்டு முதலில் போகும், திறந்துகொண்டால் எது முதலில் வரும் என்று அவளிடமே கேட்டு, அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாய். கட்டுரையின் கடைசியில் அவளுக்கு நன்றிகூடப் போட்டிருந்தாய். நான்தான் அதை டைப் அடித்தேன். மூன்று பிரதி, நடுவில் கார்பன் தாள்.

இனி அந்த அறுபத்தொன்பதாம் வருஷ மாநாட்டுக்கு வருகிறேன். இத்தனை நாள் அதற்கு வராமல் சுற்றிச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வரவேற்புக் குழுவில் பெண்கள் நாம் இரண்டு பேர். வெளியூர்ப் பேராசிரியர்களின் மனைவிமார்களை என்ன செய்வது என்பது எப்போதும் ஒரு தலைவலி. அவர்களைப் பஸ்ஸில் ஏற்றித் தியாகராய நகருக்குப் புடவை வாங்க அனுப்புவது வழக்கம், கூட ஒரு பெண் போக வேண்டும். உங்களில் யாராவது போங்கள் என்றார் செயலாளர். உன்னைப் போகச் சொன்னது நான். உங்கள் அப்பாவின் பாத்திரக்கடை அங்கேதானே, கடைக்காரர்களெல்லாம் உனக்குப் பழக்கம், உன் கட்டுரை மூன்றரைக்குத்தான், மூன்று மணிக்குப் பஸ் திரும்பிவிடும் என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். நீ இந்தியன் மையில் வரைந்த வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாய். புடவைக்கடைக்கு எதற்கு அக்கா அது என்றேன். இங்கே வைத்தால் எவனாவது பந்தியில் இலைக்கு அடியில் விரித்துவிடுவான் என்றாய்.

ஒரு மணிக்குக் குரூப் போட்டோ. கல்லூரிப் படிக்கட்டில் பெஞ்சு போட்டு, நாற்காலி போட்டு, யார் எங்கே என்று அரைமணி நேரச் சண்டை. எனக்கு இரண்டாம் வரிசையில், செயலாளருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. எனக்கு! அங்கே நிற்பவர்கள்தான் அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவுக்கு வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்போதுதான் ஆபீஸ் குமாஸ்தா வந்து சொன்னார். மந்திரி மூன்றரைக்கே தேநீர் விருந்துக்கு வருகிறாராம், அதனால் கட்டுரை அமர்வு இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிடுமாம். பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. ஆபீஸ் டெலிபோன் பத்தடி தூரத்தில் இருந்தது. நீங்கள் போன புடவைக்கடையின் நம்பர் என் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலிலேயே விளம்பரமாக அச்சாகியிருந்தது. நீ ஒரு டாக்சி பிடித்தால் இருபது நிமிஷத்தில் வந்திருப்பாய்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரும் அசையாதீர்கள் என்றார். நான் அசையவில்லை.

மூன்று தடவை எடுத்தார். முடிந்து நான் ஓடிப் போனபோது மணி இரண்டு பத்து. நம் மாநாட்டில் ஒரு பழக்கம் உண்டே: கட்டுரை எழுதியவர் மேடைக்கு வராவிட்டால், அதை வாசித்ததாகக் கொள்ளப்பட்டது என்று அமர்வுத் தலைவர் அறிவித்துவிடுவார். குறிப்பேட்டில் அப்படியே ஏறும், தலைப்பு மட்டும் அச்சாகும். ஒருவரும் வாசிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் வாசித்தாகிவிட்டது. உலகத்தில் வேறு எந்த வேலையில் இந்த வசதி உண்டு? சமையல்காரர் வராவிட்டால் சாப்பிட்டதாகக் கொண்டு இவர்கள் கை கழுவுவார்களா? உன் நாலு வருஷத்தை அரை நிமிஷத்தில் அப்படி முடித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கார்பன் பிரதி என் பையில் இருந்தது. எழுந்து, நான் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் மூன்றேகாலுக்கு வந்தது. புடவைப் பொட்டலங்களோடு எல்லோரும் இறங்கின பிறகு, கடைசியாக நீ வரைபடத்தோடு இறங்கினாய். என் முறை எப்போ என்று கேட்டாய். முன்னாடியே மாத்திட்டாங்க அக்கா, எனக்கே இப்பத்தான் தெரியும் என்றேன்.

நீ வரைபடத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். அப்புறம், "சரி, போவுது விடு. பஜ்ஜி ஆறிரும், சாப்பிடு" என்றாய்.

நீ திட்டியிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். எதற்குப் பொய்?

அன்று மாலை உங்கள் கடைக்குப் போனோம். அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்து, வாசிச்சியாம்மா என்று கேட்டார். வாசிச்சேன்பா, எல்லாரும் கை தட்டினாங்க என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ ஒரு கட்டுரையும் எழுதவில்லை. நான் அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவுக்கு வந்தேன். மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது பக்கத்திலேயே இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

இந்த வெள்ளிவிழாவிலாவது சரிக்கட்டலாம் என்று நினைத்தேன். உன் கட்டுரையை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். எட்டே நிமிஷம், நான் வாசிக்கிறேன் என்றேன். அவர் பழைய குறிப்பேட்டை வரவழைத்துப் புரட்டிப் பார்த்தார். "ஒரு தடவை வாசிச்சதா ரெக்கார்டுல ஏறிடுச்சேம்மா. அதையே ரெண்டாவது தடவை வாசிக்க நம்ம விதியில இடமில்லையே" என்றார். மனுஷர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வேறு ஒரு கௌரவம் கொடுத்தார்கள், நன்றியுரை. எழுதியே கொடுத்துவிட்டார்கள். மந்திரிக்கு, பந்தல்காரருக்கு, சமையல்காரருக்கு, அப்புறம் மகளிர் பஸ்ஸைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட காலஞ்சென்ற செல்வி செல்லம்மாவுக்கு. ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே படித்தேன். கை தட்டினார்கள்.

அப்பா வந்திருந்தார் அக்கா. மறைந்தவர்களின் குடும்பத்துக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நான் மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா வேதா, அந்த நண்டு கட்டுரையப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே? பஸ்ஸுல கூட்டிட்டுப் போனதத்தான் சொல்லுதாவ."

நேரம் போதவில்லை அப்பா என்றேன்.

அவர் மலரைப் பிரித்து உன் படத்தை ஒரு தடவை பார்த்தார். "அன்னைக்குக் கை தட்டுனவங்கள்ல ஒருத்தர்கூடவா இன்னைக்கு வரல?"

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன், வேண்டாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்விட்டார். நான் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். ஐஸ்கிரீம் வரை சாப்பிட்டேன். என்ன ஜன்மம் நான்!

இத்தனை வருஷமாக, அப்பாவிடம் நீ சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதாகத்தான் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். செத்துப்போனவள் மானம், வயசானவர் மனசு என்று பெரிய பெரிய காரணமெல்லாம் வைத்திருந்தேன். அதன் பின்னால் ஒளிந்திருந்தது என் பொய்தான். அவர் அன்றைக்குக் கை தட்டியவர்களைத் தேடிக்கொண்டே சாகக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து உன் கட்டுரையை முதல் வரியிலிருந்து குப்பத்து அம்மாளுக்குச் சொன்ன நன்றி வரைக்கும் வாசிக்கப் போகிறேன். லத்தீன் பெயர்கள் அவருக்குப் புரியாது, பரவாயில்லை, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கும் புரியாது. அப்புறம் உண்மையைச் சொல்வேன். நீ அவருக்காகச் சொன்ன பொய் உடைந்துவிடும், அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. இதை அங்கே ஏன் வாசிக்கவில்லை, அன்றைக்கு நீ எங்கேம்மா இருந்தாய் என்று அவர் கட்டாயம் கேட்பார். போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன் அப்பா என்று சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
வேதவல்லி