அப்பா தடவிப் பார்த்த குழாய்

என் கண்ணுக்கு அம்மா எழுதறது. இங்க அப்பா, நான், மாடியில இருக்கிற தையல்காரம்மா, அவங்க நாள் முழுக்கத் திட்டித் தீர்க்கிற சிலிண்டர்ல காத்து அடைக்கிற நம்ம கம்ப்ரஸர், எல்லாரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நல்லா இருக்கணும். அண்ணன் வீடு மாத்திட்டான், புது வீட்டுல வெளிச்சம் நிறைய, தண்ணிதான் மேல ஏறமாட்டேங்குதாம், குழந்தைக்குப் பல் முளைக்குது, கையில கிடைக்கிறதையெல்லாம் கடிக்குது. அத்தைக்கு முட்டிவலி குறைஞ்சிடுச்சு, ஆனா குறைஞ்சதுன்னு அவங்க வாயால சொல்ல வைக்க யாராலயும் முடியலை. என் தோளைப் பத்திப் போன தடவை கேட்டே, சரியாயிடுச்சுன்னு சொன்னேன். அது பொய். இடது தோளைத் தூக்கினா உயிர் போகுது. அந்தப் பொய்யிலதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது, அதனாலதான் போனை எடுக்காம பேனாவை எடுத்திருக்கேன். போன்ல சொன்னா பாதியிலயே நீ பரவாயில்லம்மான்னு சொல்லிடுவே, நானும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சுடுவேன்.

தண்ணி நிறைஞ்ச குகைக்குள்ள டைவிங் பண்ணக் கத்துக்க ரெண்டு பள்ளிக்கூடத்துல எதுல சேரட்டும்னு நீ கேட்டப்போ நான் என்ன பேச்சுப் பேசினேன்! அதுல ஒரு பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஒரே மாதிரி சிலிண்டர் மாட்டி, ஒரே பக்கம் குழாய் விட்டு, இறங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் சாமானை ஒருத்தர் தொட்டுப் பார்த்துன்னு நீ சொல்லச் சொல்ல, அது டைவிங் இல்லடி அணிவகுப்புன்னு சிரிச்சேன். மூச்சு விடறதுக்கும் பக்கத்து ஆளோட உத்தரவு வாங்கணுமான்னு கேட்டேன். அவனவன் உடம்புக்கு ஏத்த மாதிரி மாட்டிக்கணும், அவனவன் உயிரை அவனவனே மேல கொண்டு வரணும், தண்ணிக்குள்ள யாரையும் நம்பக் கூடாது, என்கிட்ட டைவிங் கத்துக்க வர்றவங்களுக்கு இதுதான் என் பாடம், அந்தக் கூட்டத்துல போய்ச் சேர்ந்தா என்கிட்ட கத்துக்கிட்டேன்னு வெளியில சொல்லாதேன்னு வேற சொன்னேன்.  அப்புறம் நீ எழுதியிருந்தே, உன் சம்மதம் இல்லாம போக மனசு வரலைம்மான்னு. அதைப் படிச்சப்போ, உண்மையைச் சொல்லணும்னா, எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்தது. இப்போ அதை நெனைச்சாலே கூசுது.

போன வாரம் தண்ணி நிறைஞ்ச அந்தப் பழைய குவாரியில, நம்மகிட்ட டைவிங் கத்துக்கிற பல் டாக்டருக்கும் அவர் தம்பிக்கும் வகுப்பு. ஒருத்தருக்குக் காத்து தீர்ந்துட்டா இன்னொருத்தர் எப்படிக் கொடுக்கணும்னு செஞ்சு காட்டணும். உனக்குத் தெரியும், அதை முழங்கால் தண்ணியில செஞ்சு காட்டறதெல்லாம் நாடகம்னு சொல்லி நான் அடியிலதான் செய்வேன். நாப்பது மீட்டர்ல நின்னோம். அப்பாதான் காத்து தீர்ந்த ஆள். உனக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் எழுதினாதான் எனக்கு உறைக்கும். கீழே ஆழத்துல சுவாசிக்கிற காத்துக் கலவை எனக்கு எப்பவும் வலப்பக்கம், மேல வரும்போது சுவாசிக்கிற ஆக்சிஜன் சிலிண்டர் இடப்பக்கம். இடது கையால ஆக்சிஜன் வால்வைத் திருக முடியலைன்னு அன்னிக்குக் காலையில ரெண்டையும் பக்கம் மாத்திக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா தோளைச் சொல்லணும், தோளைச் சொன்னா, நீங்கள்லாம் கமாண்டர்னு கேலி பண்ற எனக்கு வயசாயிடுச்சுன்னு ஆகிடும், நம்ம மண்டைக்கனம் அதுக்கு விடுமா. அப்பா மூச்சு இழுக்கிற ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துட்டுக் கழுத்துக்கிட்ட கையை வீசிக் காட்டினார். நான் பழக்கதோஷத்துல வலப்பக்கம் கையை விட்டு, வால்வைத் திறந்து, எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது ஆக்சிஜன். அந்த ஆழத்துல அதை இழுத்தா வலிப்பு வரும், வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும், அதுக்கு மேல எழுதக் கை வரலை.

அப்பா அதை வாங்கினார், வாயில வைக்கலை. மூச்சை அடக்கிக்கிட்டு, குழாயைப் பிடிச்சு, தடவிக்கிட்டே போய், சிலிண்டர்ல பெரிசா எழுதியிருக்கிற ஆறுங்கிற நம்பரைப் பார்த்தார். ஆறு மீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்தப்புறம்தான் தொடலாம்னு நானே என் கையால வரைஞ்ச ஆறு. என்னை ஒரு பார்வை பார்த்தார், தலையை ஆட்டினார், என் குறுக்கே கையை நீட்டி அந்தப் பக்கத்துக் குழாயை எடுத்துக்கிட்டார். அவ்வளவுதான். எனக்குத் தண்ணிக்குள்ளயே வேர்த்துப் போச்சு. மேல வந்ததும் பல் டாக்டர் கேட்டார், டீச்சர், நீங்க கொடுத்ததை சார் ஏன் வாயில வைக்காம அந்தப் பக்கம் எடுத்தார்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவருக்கு எப்பவும் இடது வலது குழப்பம், கல்யாணத்துல கூட பக்கம் மாறித்தான் உட்கார்ந்தார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சார். என் உயிரோட பாதியை என் கையாலயே எடுக்கப் பார்த்துட்டு, அந்த மனுஷனையே கோமாளியாக்கி நின்னேன். அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது, ஆனா அப்போ அதே நாக்கு அடுத்த ஜோக்குக்குத் தயாராயிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரா ரிப்பேர் மேஜைக்குப் போனார். அங்க உட்கார்ந்து ரப்பர் வளையத்துக்கெல்லாம் கிரீஸ் தடவிக்கிட்டிருந்தார். நான் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடையா நடந்தேன். போன லீவுல நீ வந்தப்போ அதே சமையலறை ஸ்டூல்ல அவரை உட்கார வெச்சுக் கண்ணைத் துண்டால கட்டி, குழாய் குழாயாக் கையில கொடுத்து, யார் கொடுத்தாலும் சிலிண்டர் வரைக்கும் தடவிப் பார்க்காம வாயில வைக்காதீங்கப்பான்னு பழக்கினியே, அது கண்ணு முன்னாடி வந்து நின்னுது. நான் காபியோட வந்து, கட்டின பொண்டாட்டி கொடுத்தாலுமான்னு கிண்டல் பண்ணினேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஆமா அவ கொடுத்தாலும்னு அப்பா சொன்னார். அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் பார்த்து நான் எவ்வளவு சிரிச்சேன். கடைசியில தாங்காம அப்பாகிட்ட கேட்டேன், அவங்க முன்னாடி ஏன் சொல்லலைன்னு. உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரலை, எப்படியும் நீயே சொல்லிடுவேன்னு நெனைச்சேன்னார். சொல்லிட்டு அடுத்த வளையத்தை எடுத்துக்கிட்டார். அவர் நாலு அறை விட்டிருந்தாலும் இவ்வளவு வலிச்சிருக்காது.

இன்னிக்குக் காலையில பல் டாக்டரும் தம்பியும் மறுபடி வந்தாங்க. துணி மாத்தறதுக்கு முன்னாடியே நிக்க வெச்சுச் சொல்லிட்டேன், தோள், பக்கம் மாத்தினது, அதைச் சொல்லாதது, ஆக்சிஜனைக் கொடுத்தது, அப்புறம் பழியைத் தூக்கி இவர் மேல போட்டது.  தம்பிக்காரன் தரையைப் பார்த்தான். டாக்டர் கோபப்படலை, ஒண்ணே ஒண்ணு கேட்டார், இன்னிக்கு ஆக்சிஜன் எந்தப் பக்கம் இருக்கு டீச்சர்னு. வேணும்னு குத்திக் கேட்கலை, உயிர்மேல ஆசை இருக்கிறவன் கேட்கிற கேள்வி. இனிமே அடியில வேண்டாம்னு நான்தான் சொன்னேன், படிக்கட்டுப் பக்கம் இடுப்பளவு தண்ணியில முழுகி உட்கார்ந்து முதல்லேர்ந்து செஞ்சோம். இந்தத் தடவை காத்து தீர்ந்த ஆள் நான், கொடுக்கிற ஆள் அப்பா. அவர் கொடுத்தார். நான் வாங்கி நேரா வாயில வெச்சுக்கிட்டேன். தடவலை, பார்க்கலை, ஒரு நொடி யோசிக்கக் கூட இல்லை. அவர் கையாச்சே. யாரையும் நம்பாதேன்னு தொண்டை கிழியப் பாடம் நடத்தறவ நான், தெரியுதா? அப்பா என்னை மேல இழுத்தார், அந்த ரெண்டு பேர் முன்னாடியே, மறுபடி செய்னு சொன்னார். சிரிக்கலை. நான் மறுபடி செஞ்சேன்.

அதனால கண்ணு, நீ அந்தப் பள்ளிக்கூடத்துலயே சேரு. சம்மதம்னு சொல்லக் கூட எனக்கு வாய் கூசுது, இருந்தாலும் நீ கேட்டதால சொல்றேன், முழு சம்மதம். அங்க பண்றது அணிவகுப்பு இல்லை, ஒருத்தர் மேல ஒருத்தருக்குப் பாசம் இருக்கிறதாலயே தடவிப் பார்க்கிறாங்கன்னு இப்பத்தான் புரியுது. அதுக்காக நான் சொன்னதெல்லாம் குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதே. கூட வர்றவங்களைத் தொலைச்சுட்டா தனியா எப்படித் திரும்புவேன்னு அவங்ககிட்ட முதல் நாளே கேளு, நல்ல பதில் வரலைன்னா அந்த ஒரு பாடத்தை மட்டும் என்கிட்ட கத்துக்கோ. உடம்புக்கு ஏதாவதுன்னா, சின்ன வலியா இருந்தாலும், இறங்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லு. அம்மா மாதிரி ஆயிடாதே. இருமல் முழுசா நிக்காம தண்ணிப் பக்கம் போகாதே, அங்கே குளிர்னு சொன்னியே, காதை மூடிக்கோ. தோளுக்கு நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன், அப்பா கூட வர்றார், நம்பலைன்னா அவர்கிட்டயே கேட்டுக்கோ.

எந்தக் குகைக்குள்ள போனாலும் போன வழியே சிரிச்சுக்கிட்டுத் திரும்பி வரணும், நிறைஞ்ச ஆயுசோட நீ இருக்கணும். மறக்காதே, உனக்கு மூச்சை நீட்டறது யாரா இருந்தாலும், நானே நேர்ல வந்து நீட்டினாலும், முதல்ல குழாயைத் தடவிப் பாரு. லீவுக்கு வரும்போது அந்தத் துண்டை எடுத்து வை, ஸ்டூல்ல இந்தத் தடவை நான் உட்கார்றேன்.

இப்படிக்கு,
உன் பாடத்துல முதல் தடவையே தோத்துப் போன
அம்மா