கரடிக்குக் கொடுத்த குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலியும் அப்பாவின் முன்கோபமும் எப்படி இருக்கின்றன?

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. நேற்று ஒரு கார்ட்டூன் கரடிக்காக டப்பிங்கில் காலை முழுக்க உறுமினேன். சாயங்காலம் நாடகத்தில், குடித்தனக்காரரை விரட்டுகிற வீட்டுக்காரர் வேஷம். "வெளியே போடா!" என்று கத்துகிற இடத்தில் சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான். நான் விடுவேனா? வாயசைத்தே திட்டினேன், துண்டை உதறித் திட்டினேன். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இனிமே தினமும் இப்படியே செய்யுங்க" என்று டைரக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த சினிமாக்காரர் ஒருவர் அடுத்த படத்தில் வேஷம் தருகிறாராம்!

டாக்டர்தான் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்கிறார். அப்பாவிடம் சொல், அவர் வேண்டுதல் பலித்துவிட்டது.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை நீயே போன் பண்ணு. நான் எடுப்பேன், பேசமாட்டேன். ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு வைத்துவிடாதே. போனை அடுப்பு மேடையில் அப்படியே வைத்துவிட்டு, வழக்கம்போல அப்பாவைத் திட்டிக்கொண்டே சமை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

இப்போதைக்கு வாய் திறக்காத
உன் வாயாடி மகன்