பெயிண்ட் படாத பக்கம்

ஜூலை 7, திங்கள்.
மழை. அரபிக்கடலையே தூக்கி மட்டாஞ்சேரி மேல் கவிழ்த்த மாதிரி. குடை காலி. ஃபெரி பிடித்து வைப்பின் தீவு. மச்சினன் ஆரோக்கியத்தின் இரும்பு போட் இன்று கரையேற்றம். மீன்பிடித் தடை முடிவதற்குள் அதிகாரி அடித்தகட்டைச் சோதித்துச் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சீசன் போச்சு, அவன் பிழைப்பும்.

போன வருடம் என் பிடிவாதத்தில் அடியில் இரு பக்கமும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தினோம். உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்ன வந்தால் ‘முதலில் என்னைத் தின்’ என்று முன்னே நிற்கிற உத்தமர்கள். இன்று பார்த்தால் வலப்பக்கக் கட்டிகள் எலி கடித்த பிஸ்கட். இடப்பக்கம் முழுசாக, மாப்பிள்ளை மிடுக்கோடு.

“அத்தான், இதுதான் ஒரிஜினல் சரக்கு. அந்தப் பக்கம் கடைக்கார சேட்டன் நம்மள ஏமாத்திட்டாரு” என்றான் ஆரோக்கியம், இடப்பக்கத்தைத் தட்டி.

போட் யார்டே தலையாட்டியது. நான் மட்டும் நகத்தால் சுரண்டினேன். இடப்பக்கக் கட்டிமேல் கெட்டியாக நீலப் பெயிண்ட்!

ஜூலை 8, செவ்வாய்.
தூறல். சாயாக்கடையில் விசாரணைக் கமிஷன், தலைவர் நானே. ஆரோக்கியம் ஒப்புக்கொண்டான். போட்டை மந்திரிக்க ஃபாதர் வந்து நின்றது இடப்பக்கமாம். “ஒட்டுப்போட்ட மாதிரி அசிங்கமா இருந்துச்சு அத்தான். ஃபாதர் என்ன நினைப்பாரு? பெயிண்ட் அடிச்சு விட்டேன்.”

பெயிண்ட் பூசினால் தண்ணீர் தொடாது, தொடாவிட்டால் கட்டி தேயாது, தேயாத கட்டி வெறும் பாரம் என்று விளக்கினேன். “தேஞ்சது நல்லது, முழுசா இருக்கறது கெட்டதா? நல்லா இருக்கே நியாயம்!” என்கிறான். வீட்டில் மனைவி ஸ்டெல்லாவும் தம்பி கட்சி. உலகத்துக்கு என்னைப் புரிய இன்னும் நூறு வருடம்.

ஜூலை 10, வியாழன்.
வெயில்! அதிகாரி, சுத்தியல், தகட்டின் கனம் அளக்கும் கருவி. வலப்பக்கம் தட்டினால் கோயில் மணி. இடப்பக்கம் ‘டொக்’. துரு அப்பளமாக உதிர்ந்தது. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டான். தீர்ப்பு: இடப்பக்கம் ஒரே ஒரு தகடு மாற்று, கடலுக்குப் போகலாம். வலப்பக்கக் கட்டி மட்டும் இல்லையென்றால் போட்டே எடைக்குத்தான் என்றார் மலையாளத்தில். யார் யோசனை என்று கேட்டார். கூச்சத்தோடு (பொய்) முன்னால் வந்தேன்.

“நீங்க சொன்னதுதான் சரி அத்தான்.”

கொச்சித் துறைமுகத்தின் கப்பல்கள் எல்லாம் எனக்காக ஒரே நேரத்தில் ஊதின. எனக்குக் கேட்டது. ராத்திரி கரிமீன். பெரிய துண்டு என் தட்டில்!

ஜூலை 14, திங்கள்.
மேகமூட்டம். தகடு வெல்டிங் முடிந்தது. இரு பக்கமும் புதுக் கட்டிகள். சாயா குடித்துத் திரும்புவதற்குள் ஆரோக்கியம் ஒவ்வொரு கட்டியிலும் விளிம்பு முதல் விளிம்பு வரை, சிவப்பு மலையாள எழுத்தில் எழுதி முடித்திருந்தான்: ‘இதில் பெயிண்ட் அடிக்கக் கூடாது.’

“இனி எவனும் தொடமாட்டான் அத்தான்.”

எழுதியது பெயிண்டால். கம்பி பிரஷ் வாங்கிக்கொண்டு போட்டுக்கு அடியில் படுத்தேன்.