அலாஸ்காவில் இல்லாதவர்

நெப்ராஸ்கா
ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய திரு. ரே ஹோலுப் அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். சிறையில் இருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

என் பெயர் கோரின் வாசெக். உங்கள் மகள் லேசி படிக்கும் பள்ளியில் ஆலோசகர். கடைசி வகுப்பில் அறுபத்தொரு பேர். பள்ளி முடிந்ததும் யார் எங்கே போவது, எந்தப் படிவம், எந்தத் தேதி, யார் கையெழுத்து, எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். சிலர் கல்லூரிக்கு. சிலர் வெல்டிங் படிக்க. மூன்று பேர் பட்டாளத்துக்கு. இந்த வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது.

முதலில் நல்ல செய்தி. கிழக்கே ஒரு கல்லூரி லேசிக்கு இடம் கொடுத்திருக்கிறது. நான்கு வருடச் செலவும் அவர்களுடையது. இந்தப் பள்ளியிலிருந்து இதுவரை யாருக்கும் அங்கே இடம் கிடைத்ததில்லை. மே முதல் தேதிக்குள் வருகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவள் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். காரணம் நான்.

செப்டம்பரில் லேசி என் அறைக்கு வந்து உட்காருவதற்கு முன்பே ஒரு நிபந்தனை வைத்தாள். அப்பாவைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் சரி என்றேன். வகுப்பில் எல்லோருக்கும் நீங்கள் அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருப்பவர். கிறிஸ்துமஸுக்கு அவள் சால்மன் மீன் டின்கள் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஒன்றிலும் லேபிள் இல்லை. கப்பலில் லேபிள் ஒட்ட மாட்டார்கள் என்றாளாம். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று உங்கள் அக்கா டோனா சொன்னது.

விண்ணப்பக் கட்டுரையை அவளே எழுதினாள். டோனாவுடன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் சனி, ஞாயிறு வேலை செய்கிறாளே, அதைப் பற்றி. விழுங்க முடியாதவர்களுக்குக் காரட்டை வேகவைத்துக் கூழாக்கி, பிறகு அச்சில் ஊற்றி மறுபடி காரட் வடிவத்தில் தட்டில் வைப்பார்களாம். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் கட்டுரை. படித்தேன். நன்றாக இருந்தது. போதாது என்று நினைத்தேன்.

பத்தாம் வகுப்பில் அவள் மதிப்பெண்கள் சரிந்திருந்தன. ஏன் என்று ஆலோசகர் படிவத்தில் ஒரு கேள்வி. காலியாக விட்டிருக்கலாம். மூன்று வரி எழுதினேன். குடித்துவிட்டு நீங்கள் ஓட்டிய வண்டி, இறந்துபோன மனிதர், எட்டு வருடத் தண்டனை. மூன்று வரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அவளால் அதைப் படிக்க முடியாது. பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. எல்லோரையும் டிக் செய்யச் சொல்வேன். அப்போதுதான் கல்லூரிகள் கடிதத்தை நம்பும். லேசியும் செய்தாள். என் எதிரில், என் பேனாவால்.

போன வெள்ளிக்கிழமை கல்லூரியின் உறை வந்தது. அனுமதிக் கடிதத்தின் அடியில் சேர்க்கை அலுவலர் ஒருவர் கைப்பட எழுதியிருந்தார்: "என் அண்ணனும் உள்ளே இருந்தவர். நீ தனி ஆள் இல்லை."

லேசி அந்தத் தாளை என் மேசையில் வைத்து, கோபப்படாமல்தான் கேட்டாள்.

"மிஸ், உள்ளேன்னா எதுக்குள்ள?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரு நொடி இருந்தது. அது கடந்தபின் அந்த மூன்று வரியைப் பற்றிச் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னது: "இந்த எடம் எனக்குக் கெடைக்கல. அப்பா பண்ணின காரியத்துக்குக் கெடைச்சிருக்கு."

டோனாவிடம் போனேன். சமையலறை ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். "ஏம்மா, அத்தன வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கினது ஊரான் வீட்டுக் கதையத் தபால்ல போடவா?" பிறகு உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். சமையலறையில் முழுநேர வேலை கேட்டு லேசி மனு எழுதி வைத்திருக்கிறாளாம்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் ஒரு காவலர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அவளோடு பேசுவீர்கள் என்று டோனா சொன்னார். அவளைப் போகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். என்னை மன்னிக்க வேண்டாம். அவளைப் போகச் சொன்னால் போதும்.

தலைகுனிவோடு,
கோரின் வாசெக்


ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய ரே அவர்களுக்கு,

உங்கள் பதில் நேற்று வந்தது. பென்சிலில் ஒன்பது வரி. எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

"நீங்க எழுதினது பொய் இல்ல. ஆனா அது உங்க வாயால வரவேண்டியது இல்ல." ஆம்.

அலாஸ்கா உங்கள் யோசனை என்று எனக்குத் தெரியாது. டோனாவோ லேசியோ கட்டியது என்று நினைத்திருந்தேன். தீர்ப்பு வந்த அன்று, நீதிமன்றத்து வராந்தாவில், யாராவது கேட்டால் இப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக உங்களுக்காக அதைச் சுமந்திருக்கிறாள். அவளுக்காக அல்ல. இது எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். டோனா காரணம் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "எடுத்தா 'போ'ன்னு சொல்வாரு. சொன்னா போயிடுவேன். அதான் எடுக்கல."

ஆகவே முதல் கடிதத்தில் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். அவளைப் போகச் சொல்லாதீர்கள். இருக்கவும் சொல்லாதீர்கள். நீங்கள் எதையும் சொல்லப்போவதில்லை என்ற செய்தி எப்படியாவது அவளுக்குப் போய்ச் சேர்ந்தால் எடுப்பாள் என்று நினைக்கிறேன். டோனாவிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் லேசி வந்தாள். மறுபடி ஒரு நிபந்தனை. கல்லூரிக்கு நான் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பத்தைப் புதிதாகப் படிக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் அவள் வேண்டும் என்று கல்லூரி சொன்னால் போவாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால், என்றேன்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சுடும்ல."

அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு இருபத்தெட்டு. என் பதினேழில் நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அம்மாவின் நோயைப் பற்றி. மொட்டைத் தலை, குளியலறைத் தரை, எல்லாம். அதைக் கொண்டுதான் எனக்கு இடம் கிடைத்தது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "நல்லா எழுதியிருக்க" என்றாள். அதற்குப் பிறகு என் முன்னால் தலைத்துணியைக் கழற்றவே இல்லை. நான் அதைத் தற்செயல் என்று வைத்துக்கொண்டேன். பதினொரு வருடம்.

லேசி கேட்ட கடிதத்தை எழுதி மறுநாளே அனுப்பினேன். மாணவியின் சம்மதமில்லாமல் அவளுடைய குடும்ப விஷயத்தை வெளியிட்டேன், தவறு என்னுடையது, அந்த மூன்று வரியை நீக்கிப் படியுங்கள் என்று. முதல்வரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அது வேறு விஷயம்.

இந்தத் தடவை அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வார்த்தைகளை அடித்தாள். 'தைரியமான' என்பது ஒன்று. 'சோகம்' என்பது இன்னொன்று. மற்றபடி சரி என்றாள்.

கல்லூரி இடத்தையே ரத்து செய்யலாம். விண்ணப்பத்தில் குழப்பம் என்று சொல்லி ஒதுக்க அவர்களுக்கு ஒரு காரணத்தை நானே கையில் கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் அது தெரியும். தினமும் மதியம் கதவருகே வந்து நிற்கிறாள். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டுகிறேன். போய்விடுகிறாள்.

பதினான்கு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர நான்கு நாள்.

அவளுக்காக எதையும் தீர்மானிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

அன்புடன்,
கோரின்


மே 1, மாலை

அன்புள்ள ரே அவர்களுக்கு,

இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன்.

சென்ற ஞாயிறு அவள் உங்கள் அழைப்பை எடுத்தாள். சிறையில் அனுமதிக்கும் பதினைந்து நிமிடமும் பேசினாள் என்று டோனா சொன்னார். என்ன பேசினீர்கள் என்று டோனாவுக்குத் தெரியாது. பின்வாசல் படியில் உட்கார்ந்து பேசினாளாம். நானும் கேட்கவில்லை.

திங்கள் காலை சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். லேசியை வகுப்பிலிருந்து வரவழைத்தேன். படித்ததைப் படிக்காததாக ஆக்க எங்களுக்கு வழி தெரியவில்லை என்றார். அந்த வரிகள் இல்லாமல் என்ன முடிவெடுத்திருப்போம் என்று நேர்மையாகச் சொல்ல முடியாது. இடம் அவளுடையதுதான், அதில் மாற்றமில்லை. கைப்பட எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

அவள் கேட்ட பதில் அது இல்லை. அந்தப் பதில் எங்குமே இல்லை என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"உங்க அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

பள்ளிப் பேருந்துகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறாராம். ஞாயிறு தோறும் சாப்பிட வருவாராம், வந்தால் அதிகம் பேச மாட்டாராம். லேசி எல்லாவற்றையும் கேட்டாள். தேங்க்ஸ் என்றாள். வகுப்புக்குப் போய்விட்டாள். முடிவு எதுவும் சொல்லவில்லை. செவ்வாய், புதன் கதவருகே வரவும் இல்லை.

இன்று மே ஒன்று. எங்கள் பள்ளியில் இந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. என் அறைக்கு எதிர்ச் சுவரில் நாட்டு வரைபடம் ஒன்றை மாட்டுவோம். கடைசி வகுப்பில் ஒவ்வொருவராக வந்து, போகப்போகும் ஊரில் சிவப்புத் தலைக் குண்டூசியைக் குத்த வேண்டும். முதல்வர் பெயரைக் கூப்பிட, மற்றவர்கள் கத்துவார்கள். டல்லஸ் பிரொகாஸ்கா என்றொரு பையன், அவன் அப்பாவின் மாட்டுப் பண்ணைக்குப் போகிறவன், ஊசியை எங்கள் ஊரிலேயே குத்திவிட்டுத் திரும்பினான். "எல்லாரும் போயிடுங்கடா. நான் இருந்து லைட்ட அணைக்கிறேன்." பெரிய சிரிப்பு.

பிறகு லேசியின் பெயர்.

என்னிடம் வந்து கையை நீட்டினாள். ஒரு ஊசி கொடுத்தேன். கையை எடுக்கவில்லை. "ரெண்டு வேணும், மிஸ்."

முதல் ஊசியை இங்கிருந்து மேற்கே தொண்ணூறு மைலில் குத்தினாள். உங்கள் சிறை இருக்கும் ஊரில். அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

அவள் திரும்பினாள். "எங்கப்பா அலாஸ்கால இல்ல. இங்க இருக்காரு. வண்டி ஓட்டி ஒருத்தரக் கொன்னுட்டாரு. அப்பாவே சொல்லிடச் சொன்னாரு. நானும் சொல்லணும்னு நெனச்சேன்."

யாரோ ஒருவர் காலணி தரையில் தேய்ந்த சத்தம். டல்லஸ்தான் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்த மீனு?"

"கடையில வாங்கினது. எங்கத்தை உக்காந்து லேபிளக் கிழிச்சாங்க. ராத்திரி பூரா."

"அடப்பாவி. அலாஸ்கா மீன்னு எங்கப்பன் அதுக்கு ஜெபம் பண்ணிட்டுத் தின்னாரு."

முதலில் சிரித்தது லேசி. பிறகு வராந்தா முழுக்க. முதல்வர் கூட. ஒரு பெண் அழுதாள், லேசி அவளைப் பார்த்து எதுக்குடி என்றாள்.

சிரிப்பு அடங்கும் முன் அவள் மறுபடி வரைபடத்தின் பக்கம் திரும்பினாள். இரண்டாவது ஊசி விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அட்டையில் ஊசி இறங்கும் சத்தம் சிறியது. கேட்டது.

என் அறைக் கதவைத் திறந்தால் அந்த வரைபடம்தான். பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துவிட்டேன். இப்போதும் திறந்த கதவு வழியாகத் தெரிகிறது.

அது எந்த ஊர் என்று எழுத மாட்டேன்.

ஒரு தடவை அவளுடைய செய்தியை அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். இனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அவள் எடுப்பாள். அவளே சொல்வாள். மெதுவாகச் சொல்லலாம், முதலில் வானிலையைப் பற்றி, டோனாவின் முழங்கால் வலியைப் பற்றி. அவசரப்படுத்தாதீர்கள். பதினைந்து நிமிடம் போதாது என்று தோன்றினாலும் நடுவில் கேட்காதீர்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், ரே.

உங்களுக்கு நல்லது நடக்கட்டும். அவள் சொல்வது எதுவானாலும் அதைக் கேட்கும் பலம் உங்களுக்கு இருக்கட்டும்.

கோரின் வாசெக்