சிவப்புப் பூசிய பல்

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணிக்குத் தெரிந்தால் மறுநிமிடம் போனில் அம்மாவுக்குப் போய்விடும்.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. என் பரீட்சை முடிந்தது. அப்பாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மரம் அறுக்கும் மெஷினின் செயினைத் தீட்டுவதற்கு முன், முதல் பல்லில் என் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டு வைப்பாயே. ஒரு பக்கத்துப் பற்களை அரத்தால் ராவிக்கொண்டே வந்து, சிவப்பு தெரிந்ததும் மறுபக்கம் திரும்புவாய். நீ போனபின் அப்பாதான் தீட்டுகிறார். சிவப்பைத் தாண்டிப் போய் அதே பக்கத்தை மறுபடியும் ராவுகிறார். அந்தப் பக்கம் தேய்ந்து குட்டையாகிவிட்டது. மெஷின் கோணலாக இழுக்கிறது. கேட்டால், உங்கம்மா பிடிவாதம் இதுக்கும் ஒட்டிக்கிச்சு என்று சிரிக்கிறார்.

நேற்று அந்தப் பல் முழுவதும் சிவப்பைப் பூசி வைத்தேன். அதையும் தாண்டிப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் அப்பா அறுத்த ஒரு பெரிய கிளை, அம்மா கயிறு பிடித்து நின்ற பக்கமே விழுந்தது. அம்மாவின் செருப்பு ஒன்று அதனடியில் நசுங்கிவிட்டது. கால் இருக்கே, அது போதும் என்றாள் அம்மா. நாளை பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நிற்கும் மரத்தை வெட்டப் போகிறார்கள். கயிறு பிடிப்பது அம்மாதான்.

அதனால் செயினை என் புத்தகப்பையில் ஒளித்துவிட்டேன். இருப்பது அது ஒன்றுதானே. செயினுக்குக் கால் முளைச்சிடுச்சா என்று அப்பா மாலையெல்லாம் தேடினார். பிறகு, நான்தான் எங்கேயோ வெச்சு மறந்துட்டேன் போல என்று முணுமுணுத்தார். அலமாரியைக் கையால் தடவித் தடவித் தேடினார் அண்ணா. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ போன் செய். உன் கண்ணை டாக்டரிடம் காட்டியதாகச் சொல். நீங்களும் ஒரு தடவை காட்டுங்கப்பா என்று பேச்சோடு பேச்சாகச் சொல். நான் சொன்னால் திட்டமாட்டார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். கோபமாக இல்லை. அம்மா எழுந்துவிடாமல் மெதுவாகப் பேசுகிறார். செயினை எடுத்துக்கிட்டு வாம்மா, முதல் பல் எதுன்னு நீ காட்டு என்கிறார். அண்ணா, அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.