கல்லீரல் என்று பேர் வைத்தால்

ஐப்பசி 5, புதன்கிழமை

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று முதல் எங்கள் வீட்டில் பஜ்ஜிக்குத் தடை.

தஞ்சாவூரில் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். வலது விலாவில் கருவியை வைத்துத் தட்டித் தட்டி, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்தார்கள்.

“குடிக்க மாட்டீங்க, சரி. ஆனா கொழுப்பு சேர்ந்து, தழும்பு விழுந்து, கல்லு மாதிரி இறுகிடுச்சுங்க. இன்னும் இறுகினா திரும்பாது,” என்றார் டாக்டர்.

“நாளைக்கு வயல்ல நடவுங்க. மாத்திரை குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்,” என்றார் அப்பா.

நான் விடவில்லை. “கல்லீரல்னு பேரு வச்சுட்டு, கல்லா இருக்கக் கூடாதுன்னா எப்படி டாக்டர்?” என்றேன். அறையே குலுங்கிச் சிரித்தது.

இல்லை. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் அசடு வழிய நிற்கக் கூடாதே என்று, சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்பா மட்டும்தான் சிரித்தார்.